“வந்து கூட்டிட்டுப் போங்க” என்று குழந்தை எழுதினால்...

கோடை விடுமுறை நெருங்கும்போது, பிள்ளைகள் ஒரு வாரம் தங்கும் முகாம்களைப் பற்றித்தான் எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. அப்படிப்பட்ட முகாம்களில் சின்னப் பிள்ளைகளின் படுக்கை அறைக்குப் பொறுப்பாளராகப் பல கோடைகள் இருந்தவள் நான். ராத்திரி விளக்கணைத்த பிறகு நடப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இதழ் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. முதல்முறையாக ஏழு நாள் முகாமுக்குப் போகிறான். இதுவரை ஒரு ராத்திரிகூட எங்களைப் பிரிந்து தூங்கியதில்லை. “பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அம்மா உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது மேடம். ராத்திரி அழுதால் அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? — ஒரு தாய்

பதில்: அந்த வாக்கை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

தைரியம் கொடுக்கத்தான் அப்படிச் சொன்னீர்கள், புரிகிறது. ஆனால் அவன் காதில் அது வேறு மாதிரி விழும். ‘உன்னால் முடியாமல் போகலாம். அப்படிப் போனால் வீட்டுக்கு வருவது ஒன்றுதான் வழி’ என்று அவன் எடுத்துக்கொள்வான். முதல் ராத்திரி விளக்கை அணைத்ததும் தொண்டையை அடைக்கும். அனேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சமாவது அடைக்கும். சில பிள்ளைகள் புரண்டு படுப்பார்கள், பக்கத்துக் கட்டிலோடு நாலு வார்த்தை பேசுவார்கள், அப்படியே தூங்கிப்போவார்கள். ‘அம்மா வருவாங்க’ என்ற வாக்கு கையில் இருக்கிற பிள்ளை அதையே பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கும். நாங்கள் என்ன சொன்னாலும் “எங்கம்மா வரேன்னு சொல்லியிருக்காங்க, போன் பண்ணுங்க” என்பதுதான் பதில். நீங்கள் வராவிட்டால் அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்றாகிவிடும். வந்துவிட்டால், இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007-ல் வீட்டு ஏக்கத்தைத் தடுப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் என்ற இருவர் எழுதியது. வந்து கூட்டிப்போகிறேன் என்ற ஒப்பந்தம் வேண்டாம் என்று அதிலும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு நினைப்பு வருவது இயல்புதான் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எந்த முகாம் என்று முடிவெடுப்பதில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், போவதற்கு முன் வெளியே தங்கிப் பழக்குங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிற மற்ற யோசனைகள்.

கடைசியாகச் சொன்னதை நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம். அவனுக்குப் பிடித்த சொந்தக்காரர் வீட்டிலோ நண்பன் வீட்டிலோ ஒரு ராத்திரி தங்க வையுங்கள். அப்புறம் இரண்டு ராத்திரி. இடையில் போன் வேண்டாம், வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதட்டும். திரும்பி வந்ததும் “அழுதியா?” என்று கேட்காதீர்கள். “வீட்டு ஞாபகம் வந்தப்போ என்ன பண்ணினே?” என்று கேளுங்கள். புத்தகம் படித்தேன், அண்ணாவோடு பேசினேன் என்று எதையாவது சொல்வான். அவன் சொல்லும் அந்த ஒன்றுதான் முகாமிலும் அவனுக்குக் கைகொடுக்கும். பழைய வாக்குக்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: “வீட்டு ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும். வந்தா உங்க பொறுப்பாளர்கிட்ட சொல்லு, அவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும். ஏழாம் நாள் காலைல நான் வாசல்ல இருப்பேன்.”

யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். விளக்கணைத்ததும் தலையணையை முகத்தோடு அழுத்தி மோந்து பார்த்துக்கொண்டே இருப்பான். வீட்டிலிருந்து துவைக்காமல் கொண்டுவந்த உறை அது. நான் எதுவும் கேட்காமல் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, மறுநாள் காலை வருகைப் பட்டியலைப் படிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, முகம்கூடக் கழுவாமல் வந்து நின்றான். பெயர்களைச் சத்தமாகப் படித்தான். சாப்பாட்டு நேரத்துக்குள் பாதிப் பிள்ளைகளின் பெயர் அவனுக்கு மனப்பாடம். மூன்றாம் ராத்திரி நான் எட்டிப் பார்த்தபோது அந்த உறை ஈரத் துண்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அவன் மேல் கட்டில் பையனோடு சேர்ந்து டார்ச் வெளிச்சத்தில் கூரையில் நாய் நிழல் விட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலர் சாப்பிட மாட்டார்கள், தூங்க மாட்டார்கள், நாள் போகப்போக இன்னும் சோர்ந்துபோவார்கள். அப்போது நல்ல முகாம் தானாகவே உங்களை அழைத்துப் பேசும். கூட்டி வருவதுதான் சரி என்று இரு தரப்பும் முடிவு செய்தால் தயங்காமல் போய்க் கூட்டி வாருங்கள். எத்தனை நாள் இருந்தானோ, அத்தனை நாளையும் பாராட்டுங்கள். மீதி நாட்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அந்தத் தலையணை உறையை மறந்துவிடாதீர்கள். துவைக்காமல்.

கேள்வி: முகாமிலிருந்து என் பையன் போட்ட கடிதம் இன்றுதான் வந்தது. “இங்க எனக்கு யாருமே இல்ல. வந்து கூட்டிட்டுப் போங்க. ப்ளீஸ்” என்று எழுதியிருக்கிறான். இன்றோடு அவன் போய் ஐந்து நாள். என் மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். கிளம்பிவிடலாமா? — ஒரு தந்தை

பதில்: இது இதழில் அச்சாகும் வரை காத்திருக்க முடியாது என்பதால் உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். இரண்டாம் நாள் எழுதியதாக இருக்கும். நீங்கள் ஐந்தாம் நாள் படித்து அழுகிறீர்கள், இடையில் அவனுக்கு மூன்று நாள் போய்விட்டது. எந்த வேளையில் எழுதியிருப்பான் என்பதையும் யோசியுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அவரவர் கட்டிலில் சும்மா படுத்திருக்க வேண்டிய ஒரு மணி நேரம் உண்டு. பெரும்பாலான முகாம்களில் கடிதம் எழுதச் சொல்வது அப்போதுதான். ஓடியாடும்போது வராத வீட்டு நினைப்பு, கை கால் ஓய்ந்த அந்த நேரத்தில்தான் வரும். தூங்கப்போகும் நேரமும் அப்படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த நிமிடமே பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதம் பொய் இல்லை. எழுதிய நேரத்தில் அது முழு உண்மை. அந்த நேரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். “சந்தோஷமா இருக்கானா?” என்று கேட்டால் “நல்லா இருக்கான் சார்” என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நேற்று ராத்திரி யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்? எத்தனை மணிக்குத் தூங்கினான்? தண்ணீரில் இறங்கினானா, கரையில் நின்றானா? இப்படிக் கேளுங்கள். அவனோடு இருக்கிற பொறுப்பாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால், அவனைக் கவனித்துப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள்.

பிறகு பதில் கடிதம். “நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்கு, அம்மா சாப்பிடவே இல்ல” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தப் பாரத்தை ஒரு சின்னப் பிள்ளை எங்கே இறக்கி வைக்கும்? வீட்டில் பிரமாதமான சுற்றுலா, விருந்து என்றும் எழுத வேண்டாம், தான் மட்டும் எதையோ இழந்துவிட்டோம் என்று தோன்றும். “உன் கடிதம் கிடைச்சது. ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குன்னு புரியுது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு” என்று எழுதுங்கள். போதும்.

இன்னொன்று: சில முகாம்கள் தினமும் போட்டோ அனுப்புகின்றன. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடாதீர்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கியிருக்கிற பிள்ளை சோகமாகத்தான் தெரியும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. இன்னும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தூக்கத்தில் சிறுநீர் கழித்துவிடுகிறாள். முகாமுக்குப் போக ரொம்ப ஆசைப்படுகிறாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று எங்களுக்குத்தான் மனமில்லை. — பெயர் வேண்டாம்

பதில்: அனுப்புங்கள். பத்து வயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்காவது இது இருக்கிறது. அறுபது பிள்ளைகள் தங்குகிற முகாமில் உங்கள் மகளைத் தவிர இன்னும் ஒன்றிரண்டு பேர் இதே பயத்தோடு படுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவரவர் மறைத்துக்கொள்வதால் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிவதில்லை.

முகாமுக்குச் சில வாரங்கள் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இப்படி வெளியே தங்கும் நாட்களுக்கென்றே டெஸ்மோபிரசின் என்ற மாத்திரையைச் சிலருக்குக் கொடுப்பார்கள். ராத்திரியில் சிறுநீர் ஊறுவதை அது குறைக்கும். எல்லாருக்கும் பலன் தராது, அளவும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் வீட்டிலேயே முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும், முகாமில்தான் முதல்முறை என்று இருக்கக்கூடாது. முக்கியமான விஷயம், அந்த மாத்திரை போட்டுக்கொண்ட ராத்திரியில் நிறையத் தண்ணீர் குடிக்கக்கூடாது. குடித்தால் ரத்தத்தில் உப்புச் சத்து ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரத்துக்குக் கட்டுப்பாடு தேவை. இதை முகாம் நர்ஸிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். பகலில் மட்டும் தண்ணீரைக் குறைக்கவே வேண்டாம், வெயிலில் விளையாடுகிற பிள்ளை தாராளமாகக் குடிக்க வேண்டும்.

பொறுப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள். அவரிடம் சொல்லியிருக்கிறோம் என்பதை மகளிடமும் சொல்லிவிடுங்கள், பின்னால் தெரிந்தால் அவளுக்கு வருத்தமாகிவிடும். கீழ்க் கட்டில், கழிவறைக்குப் பக்கம், இரண்டும் கேட்டு வாங்குங்கள். பொறுப்பாளர் தான் தூங்கப்போகும் முன் அவளை எழுப்பி ஒருமுறை கூட்டிப்போகலாம், நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். பையில் அடர் நிறத்தில் கூடுதலாக இரவு உடைகள், நீர் ஊறாத ஒரு விரிப்பு, ஈரத்துணி போட வாய் கட்டுகிற பை. அப்படியும் நனைந்துவிட்டால் மற்ற பிள்ளைகள் பல் தேய்க்கப் போயிருக்கும் நேரத்தில் விரிப்பை மாற்றிவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 12 வயசு. அடுத்த மாசம் கேம்ப் போறேன். போனை முதல் நாளே வாங்கி வச்சுடுவாங்களாம். ஒரு வாரம் போன் இல்லாம எப்படி இருக்கிறது? என் ரூம்ல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் ஏற்கெனவே ஃப்ரெண்ட்ஸா இருந்தா நான் என்ன பண்றது?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய், கண்ணு. முதலில் போன். முதல் நாள் கை தானாகப் பையைத் தடவும், இரண்டாம் நாளும் தடவும். அப்புறம் குறைந்துவிடும். காரணம் எளிது, அங்கே யார் கையிலும் போன் இருக்காது.

கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் உன் வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 51 பேர் போன், டிவி, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத முகாமில் ஐந்து நாள் இருந்தார்கள். அதே பள்ளியின் இன்னும் 54 பேர் வழக்கம்போல வீட்டிலிருந்து பள்ளிக்குப் போனார்கள். முன்னும் பின்னும் எல்லாரிடமும் முகங்களைக் காட்டி, இவர் கோபமாக இருக்கிறாரா, பயந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். முகாமுக்குப் போன பிள்ளைகளே மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு இது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பேச வேண்டுமானால் எதிரில் இருக்கிற முகத்தைத்தானே பார்த்தாக வேண்டும்?

தூக்கமும் மாறும். கென்னத் ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி பெரியவர்கள் சிலரை ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரத்தில் தங்க வைத்தார். மின்விளக்கு கிடையாது, சூரிய வெளிச்சமும் ராத்திரி நெருப்பு வெளிச்சமும் மட்டும். வாரக் கடைசியில் அவர்கள் உடம்பின் கடிகாரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னால் நகர்ந்திருந்தது. 2013-ல் இதை வெளியிட்டார். உனக்கும் ஒன்பது மணிக்கே கண் சொக்கினால் பயப்படாதே.

இப்போது தோழிகள். ஏற்கெனவே சேர்ந்து வந்தவர்கள் இருக்கலாம், முதல் சாயங்காலம் அவர்கள் ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். நீ அந்தக் கூட்டத்துக்குள் நுழையப் பார்க்காதே. தனியாகப் பையைப் பிரித்துக்கொண்டிருக்கிற ஒருத்தி கட்டாயம் இருப்பாள், அவளிடம் போ. “இந்தக் கட்டிலோட ஏணி ஆடுதே, உன்னோடதும் ஆடுதா?” இவ்வளவு போதும். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். ஒரு சீட்டுக்கட்டு எடுத்துப்போ. மழை பெய்து எல்லாரும் உள்ளே அடைந்து கிடக்கிற மத்தியானத்தில் சீட்டுக்கட்டு வைத்திருக்கிறவளைத் தேடி ஆட்கள் வருவார்கள். உனக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பையில் நாப்கின் வைத்துக்கொள். உனக்குத் தேவைப்படாவிட்டால் இன்னொருத்திக்குத் தேவைப்படும்.

கேள்வி: வெளியே கொண்டுபோய் விட்டுத்தான் பிள்ளை வளர்க்க வேண்டுமா? எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. இது புது மோகம்தானே? — ஒரு பாட்டி

பதில்: உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் இது புதிது இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் 1861-ல் தன் மாணவர்களைக் கிட்டத்தட்ட 40 மைல் நடத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் முகாம் போட்டார். அங்கே இந்த வழக்கத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். சாரணர் இயக்கம் பிறந்ததும் சரியாக இப்படி ஒரு வார முகாமில்தான். 1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை, இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் பேடன்-பவல் நடத்தியது அது. வசதியான வீட்டுப் பள்ளி மாணவர்களையும் உழைக்கும் குடும்பத்துப் பையன்களையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைத்தார். ஓநாய், காளை, காகம், கடற்கரைப் பறவை என்று நாலு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் மான்கொம்பை ஊதித்தான் எழுப்புவாராம்.

வளர்ப்பது நீங்கள்தான். ஒரு வாரத்தில் யாரும் அதைப் பிடுங்கிவிட முடியாது. உங்கள் கையால் இரண்டு வரி எழுதி, பேரன் பையில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். அவன் துணியை எடுக்கும்போது கிடைக்கட்டும்.

கேள்வி: எங்கள் பெண் முகாமிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. எது கேட்டாலும் “நல்லா இருந்துச்சு” என்பதோடு சரி. பகலெல்லாம் தூங்குகிறாள், தம்பியிடம் எரிந்து விழுகிறாள். திடீரென்று அழுகிறாள். அங்கே ஏதாவது தப்பாக நடந்திருக்குமோ? — ஒரு தாய்

பதில்: பெரும்பாலும் இது களைப்பு. அத்துடன் பிரிவும் சேர்ந்திருக்கிறது. ஒரு வாரம் ராத்திரி பகலாக ஒரே அறையில் இருந்தவர்களைத் திடீரென்று விட்டுவிட்டு வந்திருக்கிறாள். போகும்போது வீட்டுக்காக அழுத பிள்ளைகளே கடைசி நாள் வண்டியில் ஏற மாட்டேன் என்று அழுவார்கள். உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: தலையில் பேன், காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி, செருப்பு உரசிய புண்.

“எப்படி இருந்துச்சு?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அவள் பையைப் பிரித்துத் துணி துவைக்கும்போது கூட இருங்கள். இந்தச் சேறு எங்கே பட்டது, இது யாருடைய சாக்ஸ், பக்கத்துக் கட்டிலில் யார், ராத்திரி யார் குறட்டை விட்டது என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஒரு சாக்ஸிலிருந்து ஒரு முழுக் கதை வரும். நீங்கள் குறுக்கே புத்திமதி சொல்லாமல் இருந்தால் அடுத்த கதையும் வரும்.

தப்பாக ஏதாவது நடந்திருக்குமோ என்று கேட்டீர்களே, அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். நல்ல முகாமில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மற்றவர்கள் பார்வையில் படாமல் தனியே இருக்கக்கூடாது என்று விதி இருக்கும். அந்த விதி இருக்கிறதா, வேலைக்கு எடுக்கும்போது ஆட்களின் பின்னணியை எப்படி விசாரிக்கிறார்கள் என்பதைச் சேர்க்கும் முன்பே ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டும். மழுப்புகிற முகாம் வேண்டாம். இப்போது உங்கள் மகளிடம், ஒரு அமைதியான நேரத்தில், “அங்க யாராவது எங்ககிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்களா? யாராவது நடந்துகிட்ட விதம் உனக்குப் பிடிக்காம இருந்துச்சா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டுவிட்டு முகத்தில் பதற்றம் காட்டாமல் காத்திருங்கள். ஒன்றும் இல்லை என்றால் நம்புங்கள், எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது சொன்னால் முதலில் “சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்று சொல்லுங்கள். அவளைத் திருப்பித் திருப்பி விசாரிக்காதீர்கள். முகாமை மட்டும் நம்பி விட்டுவிடாமல், குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசு அமைப்பிடமோ காவல் துறையிடமோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இரண்டு வாரம் கழித்தும் தூக்கமும் சாப்பாடும் பழைய நிலைக்கு வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.